சொந்தக்காரர் இல்லாத ஊர்

என் புகுந்த வீட்டாருக்கு இந்தியா என்றால் அத்தை வீடும் சித்தப்பா வீடும் இருக்கிற இடங்கள்தான். நடுவில் இருப்பதெல்லாம் பஸ் போகிற வழி. ஓர் ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்றால், "அங்க யாரு இருக்கறாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. யாராவது இருந்தால் போகலாம், அவர்கள் வீட்டில் தங்கலாம், அவர்கள் எதைக் காட்டுகிறார்களோ அதைப் பார்த்துவிட்டு வரலாம். யாருமே இல்லாத ஊர் எதற்காக இருக்கிறது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் விளங்காது.

கல்யாணமான புதிதில் என்னை மைசூருக்கு அழைத்துப் போனார்கள். நான் போளூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். போளூர் சினிமாக் கொட்டகையைத் தாண்டி உலகம் பார்க்காதவள். அரண்மனை பார்க்கப் போகிறோம் என்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மாமனார், மாமியார், நாத்தனார், அவள் பெண், என் வீட்டுக்காரர், நான் என்று ஒரு படையாகப் போய் மாமனாரின் தங்கை வீட்டில் இறங்கினோம். அந்த அம்மாள் புதிதாக ஒரு மிக்சி வாங்கியிருந்தார். ஆகவே மைசூரில் நான் பார்த்தது மிக்சி. அது ஓடுவதைப் பார்த்தேன், அது அரைத்ததை வழித்தேன், அதற்குப் பூண்டு உரித்துக் கொடுத்தேன். ஆண்கள் அரண்மனைக்குப் போய்விட்டு வந்து, "பெருசா இருக்குது" என்றார்கள். அவ்வளவுதான் என் மைசூர்.

சரி, போகட்டும், அரண்மனையா எனக்குச் சோறு போடப் போகிறது? என் கவலை வேறு. நான் கட்டிக்கொண்ட மனுஷன் எப்பேர்ப்பட்ட ஆள் என்றே எனக்குத் தெரியவில்லை.

ஒடுகத்தூரில் எங்கள் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பகலில் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டையெல்லாம் இல்லை. மரியாதையாம். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் ஒருத்தன் பெண்டாட்டியை நேராகப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவன் வெட்கங்கெட்டவன். அதனால் எல்லாரும் காற்றோடு பேசுவார்கள். என் வீட்டுக்காரருக்குத் தாகம் எடுத்தால் கூடத்துத் தூணைப் பார்த்து, "தண்ணி இருந்தா தேவல" என்பார். நான் கொண்டுபோய் வைப்பேன். அவர் சொம்பைப் பார்ப்பாரே தவிர என்னைப் பார்க்க மாட்டார். சட்டையில் பொத்தான் அறுந்துபோனால் நாத்தனார் பெண்ணைக் கூப்பிட்டு, "பொத்தான் இல்லன்னு உள்ள சொல்லு" என்பார். அந்த 'உள்ள' நான்தான். கல்யாணமாகி ஒரு வருஷம் திரும்பப் போகிறது, நான் இன்னும் 'உள்ள'யாகவே இருந்தேன்.

ராத்திரி பேசிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் அறைக்கும் மாமனார் படுக்கிற கூடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்பு. நான் புரண்டு படுத்தாலே அந்தப் பக்கம் இருமல் கேட்கும். இதில் எங்கே பேசுவது?

நானோ சரியான வாயாடி. பேசாவிட்டால் எனக்குச் சாப்பிட்டது செரிக்காது. பிறந்த வீட்டில் இருந்தபோது, நான் தூங்குகிற நேரத்தில்தான் வீடு வீடாக இருக்கிறது என்று என் அப்பா சொல்லுவார். அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து இந்த வீட்டில் விட்டுவிட்டார்கள். ஆரம்பத்தில் சிரிப்பாகத்தான் இருந்தது. போகப் போகப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த ஆளுக்குள்ளே பேச்சே இல்லையா, அல்லது இருந்தும் என்னோடு பேசப் பிடிக்கவில்லையா? இரண்டில் எது என்று தெரியாமல் ஆயுசு முழுக்க எப்படி ஓட்டுவது? ஒரு நாள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். மாமியார் கேட்டதற்குக் கண்ணில் தூசி என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் எருமைக்குத் தண்ணீர் காட்டக் கிணற்றடிக்கு வந்தார். சுற்றுமுற்றும் ஆளில்லை. நான் விடுவேனா? நேரே போய் நின்று, "நாம ரெண்டு பேரு மட்டும் எங்கனா போய்ட்டு வரணும். நம்ம சொந்தக்காரங்க ஒருத்தரும் அங்க இருக்கக் கூடாது" என்றேன். அவர் எருமையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது குடித்து முடித்துத் தலையைத் தூக்கிய பிறகு, அதனிடம், "பாக்கலாம்" என்றார்.

எருமைக்காவது வாக்குக் கொடுத்தாரே என்று எனக்குச் சந்தோஷம்.

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, சொந்தக்காரர் இல்லாத ஊர் கிடைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று. கிணற்றடியில் எருமையை நடுவில் நிறுத்திக்கொண்டு நாங்கள் இந்தியாவை அலசினோம். நான் ஊட்டி என்றேன். குன்னூர் டீ ஃபாக்டரியில் பெரிய மாமாவின் சகலை இருக்கிறார் என்று எருமைக்குச் சொன்னார். கொடைக்கானல்? நாத்தனார் புருஷனின் அண்ணன் அங்கே கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறார். கன்னியாகுமரி? நாகர்கோவிலில் என் அக்காவின் சம்பந்தி. பெங்களூர் என்று நான் வாயைத் திறக்கவே இல்லை, அங்கே தெருவுக்கு ஒருத்தர். போகிற போக்கில் டெல்லி என்றேன். அங்கேயும் ஒருத்தர் மிலிட்டரியில் இருந்தார்! என் பக்கத்து ஆட்களே சரிபாதி என்பது வேறு விஷயம்.

இருந்தால் இருக்கட்டுமே, நாம் பாட்டுக்கு லாட்ஜில் தங்கிவிட்டு வந்தால் என்ன என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அவருடைய மாமா ஒருத்தர் மெட்ராஸுக்குப் போன இடத்தில், அக்கா வீடு இருக்கும்போதே லாட்ஜில் தங்கிவிட்டார். அந்த அக்கா, "எங்க வூட்டு பாயி குத்துச்சாமா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தியவள், அவர் பெண்ணின் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. இவ்வளவையும் எருமைதான் கேட்டது. எனக்கு அதன்மேல் பொறாமையாக இருந்தது.

கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் அவர் வழக்கம்போல எருமையைப் பார்க்காமல் தலையை நிமிர்த்தி எதிரே பார்த்தார். எதிரே ஜவ்வாது மலை நின்றுகொண்டிருந்தது. கொல்லைக் கதவைத் திறந்தால் தெரிகிற மலை. தினமும் நாங்கள் துணி உலர்த்தும்போது பார்க்கிற மலை. "அங்க நம்மாளுங்க யாரும் இல்ல" என்றார்.

டெல்லிவரை போய்த் தேடிவிட்டுக் கொல்லைப்புறத்துக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு அதனால் ஒன்றும் குறையில்லை. அவர் வாயிலிருந்து வந்த முதல் யோசனை, நான் ஏன் வேண்டாம் என்று சொல்லப் போகிறேன்?

மாமியாரிடம் விஷயத்தை அவர்தான் சொன்னார். "மலைக்குப் போய்ட்டு வர்றோம்மா."

"எந்த மலைக்குடா? திருப்பதிக்கா?"

"இல்ல. தோ, இந்த மலைக்கு."

மாமியார் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார். "இத்த பாக்கறதுக்கு பஸ்ல போவணுமா? கொல்லக் கதவ தொற, தெரியுது! அங்க யாருடா இருக்கறாங்க?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லாத எடத்துல இன்னாத்துக்குடா போய் தங்கறீங்க?"

எங்களுக்குப் புளி மண்டி. மலைக்காரர்கள்தான் புளி கொண்டுவந்து போடுவார்கள். இந்த வருஷம் புளி எப்படிக் காய்த்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றார் இவர். மாமனாருக்கு அது சரியாகப்பட்டது. சரி, புளியைப் பார்க்க நான் எதற்கு என்று கேட்டார் மாமியார். இவர் கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, "அருவி ஒண்ணு இருக்குதாம்" என்றார். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுல குளிச்சா கொழந்த பொறக்கும்னு சொல்றாங்களாடா?" என்றார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்து, "ம்" என்றார். அப்படித்தான் எங்கள் சுற்றுலாவில் பார்க்க வேண்டிய இடம் முடிவானது.

ஒடுகத்தூரிலிருந்து மலைமேல் ஏற ஒற்றையடிப் பாதை உண்டு. மலைக்காரர்கள் தலையில் மூட்டையோடு அதில்தான் இறங்கி வருவார்கள். ஆனால் நாங்கள் டூர் போகிறவர்கள் அல்லவா? பெட்டி இருக்கிறது, பட்டுப்புடவை இருக்கிறது. அதனால் பஸ் ஏறி வேலூர் போய், வேலூரிலிருந்து போளூர் போய், அங்கே மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்து, எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற மலையின் முதுகுப் பக்கமாக ஏறினோம்.

போளூரில்தான் ஆபத்து இருந்தது. அது என் ஊர்ப் பக்கம். பஸ் நிலையத்துக்கு எதிர்த் தெருவில் என் சித்தி வீடு. யாராவது பார்த்துவிட்டால் முடிந்தது கதை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கோழி அடித்துவிடுவார்கள், டூர் அங்கேயே முடிந்துவிடும். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாழைத்தார் அடுக்கியிருந்த தள்ளுவண்டிக்குப் பின்னால் பதுங்கினேன். தெரிந்த ஊரில் திருடி மாதிரி நின்றது அன்றைக்குத்தான்.

மலை பஸ்ஸில் பெண்களுக்கு முன்னால் இடம், ஆண்களுக்குப் பின்னால். அவர் கோழிக் கூடைகளுக்கும் காலிச் சாக்குகளுக்கும் நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டார். பஸ் வளைய வளைய எனக்குக் குடலைப் பிடுங்கியது. ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தவளின் தோளைக் கண்டக்டர் தட்டினார். கையில் ஒரு எலுமிச்சம்பழம். "பின்னாடி ஒருத்தர் குடுத்தாருங்க. உள்ள குடுங்கன்னாரு. எந்த உள்ளன்னு கேட்டேன், கைய காமிச்சாரு" என்றார். பழத்தை முகர்ந்துகொண்டே தலையில் அடித்துக்கொண்டேன். கோபம் ஒரு பக்கம். நான் வாந்தி எடுப்பதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறார் என்பது இன்னொரு பக்கம்.

மேலே ஜமுனாமரத்தூரில் பயணிகள் தங்குகிற விடுதி ஒன்று இருந்தது. ஓட்டுக் கட்டிடம், முன்னால் ஒரு பலா மரம். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு அறை, ஒரு கதவு, அதற்கு ஒரு தாழ்ப்பாள், தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் இல்லை! காக்கிச் சட்டை போட்ட காவலாளி சாவியை எடுத்துக்கொண்டு வந்தவர் சும்மா வந்திருக்கலாம். "எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

"ஒடுகத்தூர்."

"ஒடுகத்தூர்ல எங்க?"

என் வீட்டுக்காரர் மண்டியின் பெயரைச் சொல்லித் தொலைத்தார்.

காவலாளி சாவியை மடியில் செருகிக்கொண்டார். "அடக் கடவுளே! மண்டிக்காரர் புள்ளையா நீங்க? எத்தினி வருசமா நாங்க அங்கதான் புளி போட்றோம். எறங்கி வர்ற அன்னிக்கெல்லாம் உங்கம்மா கையால சோறு துன்ட்டுதான் மல ஏறுவோம். உங்கள இந்த பூட்டுன ரூம்ல படுக்க வெச்சேன்னு தெரிஞ்சா எங்க ஊர்ல என்ன வெச்சிருப்பாங்களா? வாங்க, வூட்டுக்குப் போவலாம்."

நான் அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். டெல்லிவரை கழித்துக்கட்டிவிட்டு வந்தோமே, எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றவர்களைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டோம். மலை முழுக்கச் சொந்தக்காரர்கள்.

புளி ஏற்ற வந்த லாரி ஒன்றில் கொஞ்ச தூரம், அப்புறம் நடை. காவலாளியின் ஊர் மலையின் ஒடுகத்தூர்ப் பக்கத்து விளிம்பில் இருந்தது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் நடந்தேன். பெட்டி காவலாளி தலையில். "அருவி பாக்கணுமேங்க" என்று பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னேன். "அதுவா? வெயில் காலத்துல அதுல ஏதும்மா தண்ணி? பாறதான் இருக்கும். தண்ணி கொட்டறத இன்னாத்துக்குப் பாக்கணும்? அத்தவிட நல்ல நல்லதா காட்றேன் வாங்க" என்றார்.

நல்ல நல்லதாகத்தான் காட்டினார்கள். புதிதாகப் போட்ட கன்றுக்குட்டியைக் காட்டினார்கள். சாமை அடித்து ஓய்ந்த களத்தைக் காட்டினார்கள். பாட்டரி தீர்ந்துபோன டிரான்சிஸ்டரைக் காட்டினார்கள். ஒரு பெரிய புளியமரத்தடியில் நிறுத்தி, "உங்க வூட்டு கொழம்பு இதுதான்" என்று தட்டிக் காட்டினார்கள். அதற்குள் ஆண்கள் என் வீட்டுக்காரரை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட, பெண்கள் என்னை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மறுபடியும் நான் உள்ளே, அவர் வெளியே. மிக்சி மட்டும்தான் குறைச்சல்.

காவலாளியின் சம்சாரம் நல்ல உயரம், நல்ல குரல். அந்த அம்மாள் புருஷனிடம் பேசுகிறதைப் பார்த்து நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். "யோவ், வெறவு எங்கய்யா?" என்று இங்கிருந்து ஒரு சத்தம். "கண்ணு தெரியலயா, தோ கெடக்குது பாரு!" என்று அங்கிருந்து பதில் சத்தம். நேருக்கு நேர், பட்டப்பகலில், மாமியார் கிழவி பக்கத்திலேயே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கும்போது! கிழவி தலையைக்கூடத் தூக்கவில்லை. எனக்கு அந்தச் சண்டையைக் கேட்கக் கேட்கக் காதில் தேன் பாய்ந்தது.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் எதிர்ச் சுவரைப் பார்த்து, "கொழம்பு நல்லா இருக்குது, கத்துக்கினா தேவல" என்றார். நான் சுவருக்குத் தலையை ஆட்டினேன். அந்த அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆண்கள் எழுந்து போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"இல்லீங்க."

"அப்ப ஏன் அந்தாளு உங்கிட்ட பேச மாட்டேங்கறான்? வந்ததுலேருந்து பாக்கறேன், செவுத்தப் பாத்து பேசறான், கூரையப் பாத்து பேசறான். பைத்தியம் கிய்த்தியம் இல்லியே?"

எங்கள் வீட்டு மரியாதையை அந்த அம்மாளுக்கு எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கேவலமாக இருந்தது. பாதியில் அழுகை வந்துவிட்டது. என்னைப் பிடிக்கவில்லையோ என்னவோ தெரியலீங்க என்று சொல்லி மூக்கைச் சிந்தினேன். அவ்வளவுதான். அந்த அம்மாள் எழுந்து வாசலுக்குப் போய், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, காலையில் ஊர் கூட வேண்டும் என்று அறிவித்துவிட்டாள்.

அந்த ஊரில் அப்படித்தானாம். ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை என்றால் அது அந்த வீட்டு விஷயம் இல்லை, ஊர் விஷயம். இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேட்டுத் தீர்த்துவிட்டுத்தான் மறுவேலை. வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் கூரையின் கீழ் சோறு தின்றாயிற்று, அப்புறம் என்ன வெளியூர்?

காலையில் புளியமரத்தடியில் ஊர் உட்கார்ந்திருந்தது. ஊர்க் கவுண்டர், அவர்தான் ஊருக்குத் தலைவர், வெற்றிலையை மென்றுகொண்டு, வேலை கெட்டுப்போகிறதே என்று அடிக்கொரு தரம் தன் நிலத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் புளி விலை பேசத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, தலையை வாரிச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். அவரைக் கொண்டுவந்து எனக்கு எதிரே நிறுத்தினார்கள். அங்கே ஒரே ஒரு சட்டம்தான். பேசுகிறவர் யாரைப் பற்றிச் சொல்கிறாரோ அவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கவுண்டரைப் பார்த்துச் சொன்னால் காதில் ஏறாது.

முதலில் என்னைச் சொல்லச் சொன்னார்கள். என்னையா! ஒரு வருஷப் பேச்சு உள்ளே அடைந்து கிடக்கிறது. தூணைச் சொன்னேன், சொம்பைச் சொன்னேன், பொத்தானைச் சொன்னேன், எருமையைச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துத்தான் எல்லாம் சொன்னேன். கண்டக்டர் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்துக்கு வந்தபோது ஊர் கொல்லென்று சிரித்துவிட்டது, கவுண்டருக்கு வெற்றிலை புரையேறிவிட்டது. எனக்கும் சிரிப்பு முட்டியது. ஆனால் கடைசியில், "என்ன உங்களுக்குப் புடிச்சிருக்குதா இல்லியா, அத்த சொல்லிடுங்க, நான் மனச தேத்திக்கினு இருந்துடுவேன்" என்று சொல்லும்போது சிரிப்பெல்லாம் போய்விட்டது.

அவருக்கு வியர்த்து ஊற்றியது. "அதுங்க..." என்று கவுண்டரைப் பார்த்து ஆரம்பித்தார்.

"அங்க இன்னா பாக்கற? கவுண்டரா உன் பொண்டாட்டி?" என்று காவலாளியின் சம்சாரம் ஒரு அதட்டல் போட்டாள். "அவளப் பாத்து சொல்லு."

அவர் திரும்பினார். கண் என் காதோலையில் நின்றது, மூக்குத்தியில் நின்றது, எப்படியோ ஒரு வழியாக என் கண்ணுக்கு வந்து சேர்ந்தது.

"எங்கப்பா எங்கம்மாகிட்ட நேரா ஒரு வார்த்த பேசி நான் பாத்ததே இல்ல" என்றார். "எப்டி ஆரம்பிக்கறதுன்னு எனக்குத் தெரியல. தெனம் மண்டியிலேருந்து வரும்போது இத்த சொல்லணும், அத்த சொல்லணும்னு நெனச்சிக்கினுதான் வருவேன். வாசல்ல கால வெச்சதும் எல்லாம் போய்டும்." அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "புடிக்காமயா எலுமிச்சம்பழம் வாங்கி வெச்சிக்கினு வந்தேன்?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சொல்லிவிடுகிறேன், எனக்கு என்ன வெட்கம், கல்யாணத்தன்றைக்கு இல்லாத ஆசை அவர்மேல் எனக்கு அந்தப் புளியமரத்தடியில்தான் வந்தது. கவுண்டர், "அவ்ளோதான, தீந்துது" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து நிலத்துக்குப் போய்விட்டார்.

தீர்ந்தது என்று அந்த அம்மாள் விட்டுவிடவில்லை. "இவங்கள பஸ்ல ஏத்தினா மறுபடியும் ஆளுக்கொரு மூலையில ஒக்காந்துக்குவாங்க. கால்நடையாவே எறங்கட்டும். பேசிக்கினு போனா வூட்டு கொல்லையிலயே போய் நிக்கலாம்" என்று சொல்லி, தேன் ஒரு பாட்டிலும் மொச்சை ஒரு மூட்டையும் கட்டிக் கொடுத்து, பாதையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள். பெட்டியைப் புளியோடு அனுப்பிவைப்பதாகச் சொன்னார்கள்.

அப்பா, அந்த மனுஷன் பேசினார் பாருங்கள்! நான் அவரை என்னவோ என்று நினைத்தேன், அவர் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். அணையை உடைத்துவிட்ட மாதிரி பேச்சு. சின்ன வயசில் கிணற்றில் விழுந்தது, மண்டியில் யார் ஏமாற்றுவார், யார் ஏமாறுவார், அவருக்குப் புளிச்சோறு என்றால் குமட்டும், மண்டிக்காரர் பிள்ளை அதைச் சொல்லலாமா என்று இத்தனை வருஷமாக முழுங்கிக்கொண்டிருக்கிறார். மைசூர் அரண்மனைக்குள் அவர் போகவே இல்லையாம். "நீ அங்க பூண்டு உரிச்சிக்கினு கெடக்கற, நான் மட்டும் இன்னாத்துக்குப் பாக்கறதுன்னு வெளியவே ஒக்காந்து சுண்டல் துன்னேன்" என்றார். அதைக் கேட்டதும் ஒரு பாறையில் உட்கார்ந்து அழுதுவிட்டு, அப்புறம் சிரித்துவிட்டு, எழுந்து நடந்தேன். பாதி மலை இறங்குவதற்குள் எனக்குக் காது வலித்தது. ஒரு வார்த்தை நடுவில் விட எனக்கு இடம் கிடைக்கவில்லை!

ஒரு வளைவில் மரங்கள் விலகின. கீழே ஒடுகத்தூர் தெரிந்தது. கோயில், நெல் வயல், அதற்கு இந்தப் பக்கம் எங்கள் ஓட்டு வீடு. கொல்லையில் மாமியார் உலர்த்தியிருந்த சிவப்புப் புடவைகூடத் தெரிந்தது. "தோ நம்ம வூடு" என்று அவர்தான் காட்டினார்.

காட்டியவர் அப்புறம் பேசவில்லை. ஏதோ மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். இல்லை. வீடு பெரிசாகப் பெரிசாக அவர் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. நான் ஏதாவது கேட்டால் "ம்" என்றார். கடைசி இறக்கத்தில் அந்த "ம்"மும் நின்றுவிட்டது. வயல் வரப்பில் வரும்போது எனக்கு முன்னால் பத்தடி தள்ளி, யாரோ மாதிரி நடந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தேன் பாட்டிலைத் தூக்கி அவர் முதுகில் அடிக்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஒரு மலை முழுக்கக் கொட்டிவிட்டு அடிவாரத்தில் வந்து வாயைக் கட்டிக்கொண்டால் நான் என்ன செய்ய? இனி நான் கேட்க வேண்டுமென்றால் தினமும் மலை ஏறி இறங்க வேண்டுமா?

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொல்லைக் கதவு வழியாக உள்ளே போனோம். கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். மாமனார் நடுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் தன் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மாமியார் அடுப்படியிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, எங்கள் புழுதிக் காலைப் பார்த்துத் திகைத்து, "இன்னாடா, நடந்தேவா வந்தீங்க? அருவி பாத்தீங்களா? மலையில இன்னாதான் பாத்தீங்க?" என்றார்.

என் வீட்டுக்காரர் கூடத்துத் தூணைப் பார்த்தார். நான் மொச்சை மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அவ்வளவுதான் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினேன்.

"நீ சொல்லு" என்றார்.

யாருக்கோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கூடத்தில் அத்தனை பேர் இருக்கிறார்கள், விளக்கு எரிகிறது, அவர் கண் என் கண்மேல் இருக்கிறது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. "உனக்குத்தான் நல்லா சொல்ல வரும். ஒக்காந்து எல்லாத்தையும் சொல்லு."

நாத்தனார் கையில் பின்னல் அப்படியே நின்றது. என் வாய் இருக்கிறதே, ஊர் கூடினபோது நிற்காமல் ஓடின வாய், அது அன்றைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. மாமியார் இப்போது பிள்ளையை என்ன பேச்சுப் பேசப் போகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

மாமியார் பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்த மாமனாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்களத்தாங்க" என்றார். "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க. புள்ளைங்க அவ்ளோ தூரம் நடந்து வந்திருக்குதுங்க, கால நீட்ட எடம் வேணாமா?"

மாமனார் யாரையோ சொல்கிறார்கள் என்று தனக்குப் பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, சுவர் ஓரமாகப் போய்த் தள்ளி உட்கார்ந்தார்.